பெடல் மிதிக்க ஆள் இல்லாத பட்டறை

பெரியாஸ்பத்திரியில் அண்ணன் அவர்களின் உயிர் பிரிந்தபோது அருகில் இருந்தவர்கள்: அண்ணி. மகள். மருமகப்பிள்ளை. பட்டறைக்குப் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர். தம்பியாகிய நான்.

அன்று காலை பட்டறையில் மார்பு வலி வந்து விழுந்தபோது அருகில் யாரும் இல்லை. அது ஏன் என்று எழுத வேண்டியவன் நான்தான்.

அண்ணன் அவர்கள் ஐயம்பேட்டையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தார்கள். நைனா சீக்கிரம் போய்விட்டார். அண்ணன் காஞ்சிபுரத்தில் கார் பட்டறை வேலைக்குச் சேர்ந்து அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார்கள். எனக்குத் தறி போட்டுக் கொடுத்ததும் அவர்கள்தான். பிறகு சொந்தமாகப் பட்டறைக் கொட்டகை போட்டார்கள். பொய் பேச மாட்டார்கள்.

ஒரு பட்டு ஜவுளி முதலாளியின் வண்டிகள் எல்லாம் அண்ணனிடம்தான் வரும். அவர் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்காக அம்பாசடர் காரை விட்டிருந்தார். பிரேக் வேலை. குழாயில் காற்று நின்றால் பிரேக் பிடிக்காது. காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் கீழே படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் உள்ள நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்குள் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். உதவியாளுக்கு அன்று காய்ச்சல். அண்ணன் என்னைக் கூப்பிட்டார்கள்.

என்னுடையது தறிக்கால். ஒரு மிதிகட்டையை அமுக்கினால் உடனே விட்டு அடுத்ததை அமுக்க வேண்டும். பிடித்து வைத்துப் பழக்கம் இல்லை. அவர்கள் சொல்லுமுன் கால் தானாக மேலே வந்தது.

"இது தறி இல்லப்பா. நான் விடுன்னு சொல்ற வரைக்கும் கால எடுக்காத."

சரி என்றேன். மறுபடியும் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து செய்ததில் பிரேக் ஆயில் தீர்ந்துபோனது. மெட்ராசுக்குப் போனால்தான் வேறு கிடைக்கும்.

வண்டி எடுக்க வந்த டிரைவர் என்னைப் பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி, தம்பி பிரேக்கு மெதிக்கிறாரா, பொடவ நெய்யிறாரா?"

முதலாளியும் வந்தார். மெதுவாக ஓட்டிக்கொள்கிறோம், சாவியைக் கொடு என்றார்.

"வண்டிக்கு முன்னாடி மேளக்காரங்க, பொம்பளைங்க, கொழந்தைங்க எல்லாம் நடப்பாங்க மொதலாளி. தரமாட்டேன்."

முதலாளி தெருவில் நின்று வாய்க்கு வந்தபடி பேசினார். தம் வேலைதான் சரியில்லை என்றார்கள் அண்ணன். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் டிரைவர் சீட்டில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். இறங்கவும் இல்லை, வாய் திறக்கவும் இல்லை.

அதோடு அவர் வண்டிகள் வேறு பட்டறைக்குப் போயின. உதவியாளுக்குக் கூலி கொடுக்க வழியில்லை, அவரும் போனார். அதன் பிறகுதான் அண்ணன் தனி ஆளாகக் காற்றை எடுக்க ஒரு சாமானைச் செய்தார்கள். குளுக்கோஸ் பாட்டில், அதன் குழாய், சைக்கிள் டியூப்பின் வால்வு, அவ்வளவுதான். வால்வு வழியாக ஆயிலும் காற்றும் வெளியே வரும், திரும்பிப் போகாது. நிப்பிளில் மாட்டித் திறந்துவிட்டுத் தாமே ஏறி மிதிப்பார்கள். இறங்கி வந்து குழாயில் குமிழி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லை என்றால் மூடுவார்கள்.

அதைப் பார்த்த அன்று, என்னைக் கூப்பிட்டிருக்கலாமே அண்ணா என்றேன்.

"உன்னால இல்லப்பா. நீ உன் தறியப் பாரு."

அவர்கள் என்னிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான். நான் பட்டறைப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். சாமான் நன்றாக வேலை செய்தது. ஆள் வைக்கவே இல்லை.

விழுந்த அன்றும் வேறொருவரின் காரில் அதை மாட்டித்தான் பிரேக் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பெடலில் ஒரு ஆள் இருந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். மத்தியானம் சோறு கொண்டுபோன அண்ணிதான் பார்த்தார்கள்.

தூக்கி ரிக்‌ஷாவில் ஏற்றிய சைக்கிள் கடைக்காரருக்கும், ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்த நர்சம்மாவுக்கும், தொலைவிலிருந்து காரியத்துக்கு வந்த உறவினர்களுக்கும், வண்டியைக் கேட்டு அவசரப்படுத்தாத அதன் சொந்தக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அந்த வண்டியில் அண்ணன் அவர்கள் முடித்திருந்த சக்கரங்கள் மூன்று.