அத்தாயி சொன்ன இரண்டு பெயர்கள்

அம்மாவின் காரியம் முடிந்து உறவினர்கள் போய்விட்டார்கள். பந்தலையும் பிரித்தாகிவிட்டது. அவளைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தால், அந்த ஜில்லா போர்டு தேர்தல் வழக்குதான் முன்னால் வந்து நிற்கிறது.

அம்மாவின் பெயர் அத்தாயி. எடப்பாடிக்குத் தெற்கே மூன்று ஏக்கர் மேட்டுக்காட்டில் உழைத்தவள். கையெழுத்துப் போடத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். தாத்தா சென்றாயன், அவர் மகன் என் அப்பா கருப்பண்ணன், அப்பாவின் மூத்த மகன் மறுபடி சென்றாயன். தாத்தாவின் தகப்பனாரும் கருப்பண்ணன்தான். புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் பெண்கள் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும். ஆகவே அம்மா அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் 'சாமி'தான். எனக்கு அவளுடைய அப்பா பெயர். அதனால் 'அங்கமுத்து' என்று ஊர் கேட்கக் கத்துவாள்.

தாத்தா இறந்து பல வருஷமாகியும் பட்டா அவர் பெயரிலேயே கிடந்தது. கர்ணம் பட்டாவைப் பார்த்து வாக்காளர் ஜாபிதா எழுதினார். 'சென்றாயன், தகப்பனார் கருப்பண்ணன், வயது நாற்பது.' அந்த வயது தாத்தாவுக்கும் பொருந்தவில்லை, அண்ணனுக்கும் பொருந்தவில்லை. தன் பெயர்தான் என்று நினைத்து அண்ணன் போய் ஓட்டுப் போட்டான். தோற்ற கட்சிக்காரர் வழக்குப் போட்டார். செத்தவர்களெல்லாம் எழுந்து வந்து ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி, அண்ணன் பெயரையும் சேர்த்திருந்தார். ஆள்மாறாட்டம் என்று தீர்ப்பானால் ஜெயில் என்றார்கள்.

அப்பா சாட்சி சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கவாதம் வந்து, பேச்சும் போய்க் கட்டிலில் கிடந்தார். ஜெயித்தவரின் வக்கீல் வெங்கடாசலம், "பெத்தவங்க வந்து பேரைச் சொன்னால் போதும்" என்று அம்மாவைச் சேலத்துக்கு வரவழைத்தார். நான் அப்போது சேலத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கோர்ட்டுக்குப் போனேன்.

எதிர்க்கட்சி வக்கீல் கேட்டார்: "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?"

"ஊட்டுல படுத்திருக்காருங்க."

"படுத்திருக்கட்டும். பேர்?"

அம்மா என்னைப் பார்த்தாள். "அதா, எங்க சின்னப் பையன் சொல்லுவானுங்க."

"சாட்சிதான் சொல்ல வேண்டும்" என்றார் ஜட்ஜ்.

"சரி, மகன் பேரையாவது சொல்லுங்க."

"சாமின்னு கூப்புடுவனுங்க."

"சாமிக்கும் ஒரு பேர் இருக்குமே?"

"இருக்குதுங்க. எங்க மாமனார் பேருதானுங்க."

"மாமனார் பேர்?"

"பெரியவருங்க."

கோர்ட்டில் சிரித்தார்கள். வெங்கடாசலம் எழுந்து வழக்கத்தை விளக்கினார். மற்றவர் விடவில்லை. "பெற்ற தாய்க்கே தெரியாத பேர் ஓட்டுச்சாவடியில் மட்டும் எப்படி வந்தது?"

பின்பெஞ்சில் அண்ணன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அம்மா அவனைப் பார்த்தாள். கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் சொன்னாள். பிறகு குமாஸ்தாவிடம், "எழுதிப்போட்டீங்களா சாமி? மறுக்காச் சொல்ல மாட்டனுங்க" என்றாள்.

ஊருக்குத் திரும்பியதும் நேரே அப்பாவிடம் போகவில்லை. கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே போனாள்.

மழைக்காலம் முடியும்போது தீர்ப்பு வந்தது. சந்தேகமான ஓட்டுகளையெல்லாம் கழித்தாலும் ஜெயித்தவருக்கே அதிகம் இருப்பதால், அந்த ஓட்டுகளை ஒவ்வொன்றாக ஆராயத் தேவையில்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள். அண்ணன் மீது நடவடிக்கை எதுவும் இல்லை. அம்மா சொன்ன பெயர்களைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரிகூட இல்லை.

அந்தத் தை மாதத்திலேயே அப்பா போய்விட்டார். ஜெயித்தவரும் வந்தார், தோற்றவரும் வந்தார். ஒரே கட்டிலில் உட்கார்ந்து பருத்தி விலையைப் பேசிவிட்டுப் போனார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றையே சொன்னாள்: "நான் பேரைச் சொல்லிப்போட்டனுங்க." இரத்தக் குழாய், அடைப்பு என்று டாக்டர் சொன்னதை நான் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். பொறுமையாகக் கேட்பாள். "இருக்கும் அங்கமுத்து. நீ படிச்சவன்" என்பாள். அடுத்து யார் வந்தாலும் அதே வார்த்தை.

போன மாதம் அவளுக்குக் கஞ்சி இறங்காமல் போனபோது அண்ணன்தான் பக்கத்தில் இருந்தான். இத்தனை வருஷமாகக் கேட்காததை அன்றைக்குக் கேட்டான்.

"நான் அந்த ஓட்டுப் போடாம இருந்திருந்தா, நீ கோர்ட்டுக்குப் போயிருக்க மாட்டே. அப்பன் போனது என்னாலதானே அம்மா?"

"உனக்கென்ன சாமி, பேரு இருந்துச்சு, போட்டே" என்றாள். "சொன்னது நாந்தானே."

அவன் மேலே ஏதோ சொல்ல வந்தான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.