மஞ்சவெயிலாரின் சேதப் படங்கள்

பொதுப்பணி அலுவலகத்தில் அவருக்குக் கொடுத்திருந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: உடைந்ததைப் படம் எடுப்பது. இடிந்த சுவர், ஒழுகும் கூரை, பள்ளம் விழுந்த சாலை. படத்தைக் கோப்பில் ஒட்டித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினால், பெரிய அதிகாரி பார்த்து, மனம் இரங்கி, பழுதுபார்க்க உத்தரவு போடுவார். இருபது வருஷமாக இதுதான் ஏற்பாடு. அந்த இருபது வருஷத்தில் அவர் எடுத்த படத்தைப் பார்த்து ஒரு செங்கல்கூட நகர்ந்தது கிடையாது.

குற்றம் முழுக்க அவருடையது என்று சொல்ல முடியாது. அலுவலகக் கேமரா சாமான் அறையில் பூட்டிக் கிடக்கும். சாவிக்காரர் மதியச் சாப்பாட்டை முடித்து, கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்த பிறகுதான் பூட்டுத் திறக்கும். கையெழுத்துப் போட்டுக் கேமராவை வாங்கி, பஸ் பிடித்து, ஏதாவது ஒரு கிராமத்தில் போய் இறங்கினால் மணி ஐந்து. அதுவும் சேதக் கணக்கெடுப்பு நடப்பது மழை ஓய்ந்து இலை உதிரும் மாதங்களில் மட்டும். அந்த நேரத்து வெயில் இருக்கிறதே, சாய்வாக விழுந்து குப்பைமேட்டைக்கூடக் கல்யாணப் பெண்ணாக்கிவிடும்.

ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை ஓட்டையை எடுத்தார். ஓட்டை வழியே ஒளி இறங்கி ஒரு பெஞ்சின்மேல் மட்டும் விழுந்திருந்தது. அதிகாரி அதைப் பெரிதாக்கித் தன் அறையில் மாட்டிக்கொண்டார். பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். அதற்குப் பிறகு அவர் பஸ்ஸை விட்டு இறங்கினாலே ஊர்க்காரர்கள் ஓடி வந்து மறித்தார்கள்.

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எங்க ரோட்டை மட்டும் எடுக்காதீங்க. நீங்க வராம இருந்தா என்னைக்காவது ஒருநாள் போட்டுருவாங்க," என்று ஒரு பால்காரர் கும்பிட்டே விட்டார்.

"அசிங்கமா எடுக்கிறேன், போதுமா?" என்று இவரும் சத்தியம் செய்தார். பிறகு ஆடுகள் அந்த வெயிலில் பொன்னாகப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தன. அவ்வளவுதான், சத்தியம் காற்றில் போயிற்று. அலுவலகத்தில் 'மஞ்சவெயிலார்' என்று கேலி செய்தார்கள். முகத்தைச் சுளித்துக்கொள்வார், உள்ளுக்குள் குளிர்ந்துபோவார். மனிதருக்குத் தன் படங்கள்மேல் அப்படியொரு பைத்தியம்.

வினை அவர் வீட்டுக்கே வந்தது. தனக்கென்று ஒரு கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல், அவரை வளர்த்து ஆளாக்கிய அக்கா, ஆற்றுக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளையில் பதினோரு வருஷமாக வேலை பார்த்தாள். போக வர ஒரே வழி மரப்பாலம். பலகை பாதி இல்லை, மீதி உளுத்தது. போன வாரம் அவள் கால் ஒன்று உள்ளே போய் முழங்கால் வீங்கியிருந்தது. அடுத்த வெள்ளம் வந்தால் பாலமும் போகும், அதன்மேல் யார் இருக்கிறார்களோ அவர்களும் போவார்கள். தம்பியின் அலுவலகத்துக்கே மனு எழுதிப் போட்டாள்.

படம் எடுக்கத் தம்பியே வந்தார். வந்தவர் கீழே இறங்கி உளுத்த கட்டையை எடுத்திருக்கலாம். ஆனால் அக்கா தலையில் கூடையோடு பாலத்தின் நடுவில் வந்துகொண்டிருந்தாள், தண்ணீர் முழுக்கத் தங்கம்.

"அக்கா, அப்படியே நில்லு! அசையாத!"

"ஆடுதுடா!"

"ஒரு நிமிஷம், வெயில் இறங்கட்டும்!"

பத்து நிமிஷம் நின்றாள். பாலத்தின் பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு.

படம் தலைமை அலுவலகத்தின் காலண்டருக்கு அட்டைப்படமானது. கீழே 'அமைதி' என்று போட்டிருந்தார்கள். கூடவே ஓர் உத்தரவு: இயற்கை எழில் குன்றாதிருக்கும் பொருட்டு மேற்படி பாலத்தில் யாதொரு பழுதுபார்ப்பும் செய்தல் கூடாது.

அக்கா காலண்டரை வெகுநேரம் பார்த்தாள். "உயிர் போகுதேன்னு நிக்கிறேன். இவனுங்களுக்கு அமைதியாம்," என்றாள். திட்டியிருந்தால் தம்பி தாங்கியிருப்பார். அவள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தாள். அன்றுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் பெரிய அதிகாரியின் அறையில் போய் நின்றார்.

"அந்தப் பாலத்தை எப்படியாவது சரி பண்ணணும் சார்."

"பாலத்தைத் தொடவே கூடாதுய்யா. ஜனங்க பார்க்க வரப்போறாங்க. கரையில நின்னு பார்க்க ஒரு சிமெண்ட் மேடை போடப்போறோம்."

பயத்தில் சிலருக்கு வாய் அடைத்துப்போகும். அவருக்கு அன்று மூளை திறந்தது.

"கரையில வேண்டாம் சார். பாலம் பொடிசாத் தெரியும். பாதி ஆறு வரைக்கும் மேடையை நீட்டினாத்தான் எடுப்பா இருக்கும்."

அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்தார். "பேஷ்! நீட்டிரலாம்."

"காலையில வர்றவங்களுக்கு எதிர்வெயில் கண்ணைக் கூசும் சார். அந்தக் கரையிலருந்தும் ஒண்ணு நீட்டினா..."

அதற்கும் உத்தரவு ஆயிற்று. வெள்ளத்துக்கு முன்பே இரண்டு கரையிலிருந்தும் கம்பி வைத்துக் கட்டிய இரண்டு மேடைகள், கைப்பிடியோடு, ஆற்றுக்குள் வந்து ஒன்றையொன்று பார்த்து நின்றன. நடுவில் ஓர் எட்டு வைத்துத் தாண்டும் அளவு இடைவெளி. அதை மட்டும் அடைக்க முடியாது என்று பொறியாளர் கையை விரித்துவிட்டார். சேர்த்துவிட்டால் அது பாலம் ஆகிவிடுமாம், பாலத்துக்கு வேறு பிரிவாம்.

"ஒரு பாலம் கேட்டா ரெண்டு அரைப்பாலம் குடுத்திருக்கானுங்க," என்றாள் அக்கா. ஆனால் மேடை கட்டி முடிந்த அன்று சாயங்காலமே சூளையிலிருந்து அதன் வழியாகத்தான் திரும்பினாள். ஆறு சுழித்துக்கொண்டு ஓடியது. இடைவெளிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

தம்பி கேமராவோடு இந்தப் பக்கம் ஓடி வந்தார். "இரு, நான் அங்க வந்து உன்னைக் கூட்டிட்டு வர்றேன்."

அவர் இதுவரை ஆற்றின்மேல் கால் வைத்ததே இல்லை. எப்போதும் கரையில் நின்று எடுப்பதுதான் வழக்கம். விளிம்புக்கு வந்து கீழே பார்த்தார். ஓர் எட்டுதான். அடியில் தண்ணீர் இரைந்தது. நின்றது கெட்டிச் சிமெண்ட். ஆனாலும் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, காலு நடுங்குதுக்கா."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்குப் பதினோரு வருஷமா நடுங்குச்சுடா," என்று சொல்லிவிட்டு, கையை நீட்டினாள்.