வீட்டை இழுத்துக்கொண்டு போகலாமா? சிட்லபாக்கம், பள்ளிக்கரணை, ஊரப்பாக்கம்: மூன்று நாள் ஒத்திகை

வேனிலேயே குடித்தனம் நடத்துவதை இப்போது ஆளாளுக்கு வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். "பாட்டி, நீங்க அந்தக் காலத்துலயே டிரெய்லர்ல இருந்தீங்களாமே, எப்படி ஆரம்பிச்சீங்க?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆரம்பித்தது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மாசி மாதம். பள்ளிக்கூட வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகியிருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் தொழிற்சாலை ஒன்றில் வெல்டிங் பிரிவில் இருந்தவர். ரிட்டையரானால் மற்றவர்கள் காசி, ராமேஸ்வரம் என்று போவார்கள். இவர் டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் டிரெய்லர் ஒன்றை வாங்கி, இரும்புச் சட்டம் அடித்து, தகரமும் பிளைவுட்டும் வைத்து, அதன்மேல் ஓர் அறையே கட்டிவிட்டார். இரண்டு படுக்கை, ஒரு ஸ்டவ், மூன்று ஜன்னல், கூரையில் சின்னதாக ஒரு தண்ணீர்த் தொட்டி. இழுக்க ஒரு பழைய ஜீப். சிட்லபாக்கம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, கையும் காலும் ஓடுகிற வரை ஊர் ஊராகப் போவது திட்டம்.

எனக்கு அது பிடிக்கவே இல்லை. உடம்புக்கு முடியாமல் போனால் எங்கே படுப்பது? திரும்பி வர நமக்கென்று ஒரு வாசல் வேண்டாமா? பேசிப் பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். மூன்று நாள் பக்கத்திலேயே சுற்றிப் பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை குடிவரப் போகிறவர்கள் அட்வான்ஸோடு வருவார்கள். அதற்குள் நான் முடிவு சொல்ல வேண்டும். "நீ வேணாம்னு சொன்னா வித்துடறேன், வசந்தா. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்றார். எடுக்கவும் மாட்டார், மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்வார். எனக்கு அதுதான் பயம்.

வியாழன் காலை ஆறரைக்குக் கிளம்பினோம். சேலையூர், மேடவாக்கம் வழியாகப் பள்ளிக்கரணை பத்து கிலோமீட்டர் இருக்கும். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. மேடவாக்கம் கூட்டு ரோட்டில் டீ குடித்துவிட்டுத் திரும்பினால், டிரெய்லருக்குப் பின்னால் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நிற்கின்றன! கூரைத் தொட்டியைப் பார்த்துத் தண்ணி லாரி என்று நினைத்துவிட்டார்கள்.

"இன்னாம்மா, பைப்பக் காணோம்?" என்றார் முதல் குடத்துக்காரம்மா.

"இது லாரி இல்லைங்க, வீடு."

"வூடா? வூட்ட யாருனா இஸ்துகினு வருவாங்களா? நல்ல பேஜாரு!" என்று குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வாய் தவறி நான் 'வீடு' என்று சொல்லிவிட்டேனாம்.

பள்ளிக்கரணையைப் பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் குப்பை நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டவள் நான். அன்று சதுப்பு ஓரமாக ஒரு மேட்டில் நிறுத்தித் தங்கினோம். வெள்ளிக்கிழமை விடியலில் கதவைத் திறந்தேன். கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர், அதன் நடுவில் ரோஜா நிறத்தில் ஒரு திட்டு. வெயில் பட்டதால் வந்த நிறம் என்றுதான் நினைத்தேன். திட்டு நகர்ந்தது. அத்தனையும் பூநாரைகள்! ஏதோ சத்தத்துக்கு எல்லாம் ஒன்றாக எழும்பின. இறக்கைக்கு அடியில் அப்படியொரு சிவப்பு. "அம்மாடி" என்று இவரை எழுப்பினேன். இத்தனை வருஷம் பூகோளம் நடத்தியவளுக்கு, பத்து கிலோமீட்டரில் இப்படி ஒன்று இருப்பது தெரியவில்லை பாருங்கள்.

அன்றே தாம்பரம் ரயில்வே கேட்டில் அரை மணி நேரம் காத்துக் கிடந்து, ஜி.எஸ்.டி. ரோடு பிடித்து, மதியம் ஊரப்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். அங்கே நிலமெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்த நேரம். தனக்கோடி என்ற அம்மா, விற்காமல் வைத்திருந்த தன் மனையில் நிறுத்திக்கொள்ளச் சொன்னார். ஏறி வந்து உள்ளே சுற்றிப் பார்த்தவர், "பால் காச்சினியாம்மா?" என்று கேட்டார்.

"இல்லைக்கா. இது சும்மா..."

"இன்னா சும்மா? பால் காச்சாத வூட்லயா படுத்துகினு கீறீங்க?"

மறுபேச்சுக்கு இடமில்லாமல் ஒரு சொம்பு பாலோடு திரும்பி வந்தார். காய்ச்சிவிட்டால் அது வீடு. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை எந்த வாயால் வேண்டாம் என்பது? இவர் டயரைப் பார்க்கிற சாக்கில் இறங்கிப் போய்விட்டார். அந்த அம்மாவோ நகருவதாக இல்லை. ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். பால் பொங்கி, முழுக்க ஒரே பக்கமாக, கிழக்கே வழிந்தது.

"கெயக்கால பொங்கிச்சு. நல்லா இருப்பீங்க" என்றார் தனக்கோடி அம்மா.

"அந்தப் பக்கம் டயர்ல காத்து கம்மி" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

சனிக்கிழமை, கிழக்கு வெளுக்கும் முன் விழிப்பு வந்தது. தூரத்தில் ஏதோ உறுமல். லாரி என்று நினைத்தேன். மறுபடி வந்தபோது அடிவயிற்றில் கேட்டது. "வண்டலூர் ஜூ சிங்கம்" என்றார் இவர், கோயிலில் பேசுவதுபோல மெதுவாக. இரண்டு பேரும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டு படுத்திருந்தோம். சுவர் கனமாக இருந்தால்தான் பயம் இருக்காது என்று அதுவரை நம்பியிருந்தேன். அன்று எங்களுக்கும் சிங்கத்துக்கும் நடுவில், எங்கள் பக்கம் இருந்த சுவர் விரல் கனம்கூட இல்லை. பயமும் இல்லை.

உங்களுக்குச் சில யோசனைகள். கூரைத் தொட்டியைத் துணி போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் குடம் வரும். காலையில் முதல் வேலையாக டயர் காற்றைப் பாருங்கள். நிலத்துக்காரரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பறவை பார்க்க ஏழு மணிக்குமேல் போவது வீண். டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது மனைவி வழி சொல்லக் கூடாது. கல்யாணங்கள் முறிகிற இடம் அது.

சனி சாயங்காலமே சிட்லபாக்கம் திரும்பிவிட்டோம். ஞாயிறு காலை குடிவரப் போகிற தம்பதி வந்தார்கள். நான் இன்னும் முடிவைச் சொல்லவில்லை. இவர் என் முகத்தைப் பார்க்காமலே அவர்களிடம், "உள் ரூம் மட்டும் பூட்டியே இருக்கட்டும். இவங்களுக்கு எப்ப வேணாலும் திரும்பி வரணும்னு தோணலாம்" என்றார். இப்படி ஒரு ஏற்பாடு செய்திருப்பதை என்னிடம் சொல்லவே இல்லை.

நான் எழுந்து போய் அந்த அறைச் சாவியை எடுத்து வந்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். "அந்த ரூமும் உங்களுக்குத்தாம்மா."

"நீங்க வந்தா தங்க வேண்டாமா ஆன்ட்டி?"

"வந்தா உங்க வீட்டு விருந்தாளியா வர்றோம்."

இவர் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். முகம் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.