கரண்ட் விரிப்பும் ஒரு நேர்த்தியும்

எனக்கு ஒரு குணம் உண்டு. நல்ல காரியம் ஏதாவது செய்துவிட்டால் அதை நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்கத் தெரியாது. இன்னொன்றையும் மறைப்பானேன், குளிர் எனக்குக் கொஞ்சமும் ஆகாது. இந்த இரண்டும் சேர்ந்து போன குளிர்காலத்தில் என்னைப் படுத்திய பாட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

லண்டனுக்கு வந்து முப்பது வருடமாகிறது. "போகப் போகப் பழகிவிடும்" என்று வந்த புதிதில் எனக்கு ஆறுதல் சொன்ன அத்தனை பேரும் பொய்யர்கள். நோர்பரியில் எங்கள் வீடு பழைய வீடு. ஹீட்டிங்கைப் போட்டால் மாடிப்படி மட்டும் நன்றாகச் சூடாகும். அங்கே யாரும் படுப்பதில்லை. படுக்கையறை ரேடியேட்டரில் கையை வைத்தால் அது நம்மிடம் சூடு கேட்கும்.

இதற்கு நான் கண்ட ஒரே மருந்து எலெக்ட்ரிக் பிளாங்கெட். பெயர்தான் பிளாங்கெட், ஆனால் போர்ப்பதில்லை. மெத்தைக்கு மேலே, பெட்சீட்டுக்குக் கீழே விரித்துவிட்டுச் சுவிட்சைப் போடவேண்டும். அதனால் எங்கள் வீட்டில் அதற்குக் கரண்ட் விரிப்பு என்று பெயர். ஒன்று, இரண்டு, மூன்று என்று சூடு வைக்கலாம். என் பக்கத்துக்கு மட்டும்தான் வாங்கினேன். "கரண்ட் அடுப்பில கிடக்க நான் என்ன தோசையே?" என்று என் வீட்டுக்காரர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கு விடியற்காலை வேலை என்பதால் எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவேன். ஏழரைக்கே சுவிட்சைப் போட்டுவைத்து, எட்டு மணிக்குப் போய்க் காலை நீட்டும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மீதி நாளையே நான் பொறுத்துக்கொண்டிருந்தேன் என்றால் அது மிகையில்லை.

இனி மகளின் கதை. ஒரே மகள். நர்சிங் படித்து முடித்தாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது, அவள் ஆசைப்பட்ட வேலை. ஆனால் ஒரு நிபந்தனை: ஏப்ரலுக்குள் டிரைவிங் லைசன்ஸ் எடுக்கவேண்டும். இல்லையென்றால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். அதற்குள் அவள் நாலு தரம் பெயில். அவளுடைய தகப்பனோ லண்டன் பஸ் ஓட்டுகிறவர். தெருவில் யாராவது "மகள் லைசன்ஸ் எடுத்திட்டாவோ" என்று கேட்டால், இவர் உடனே வானத்தைப் பார்த்து மழை வரும்போல இருக்கிறது என்பார்.

அவளுக்கு ஓட்டத் தெரியாமலில்லை. பயம், அதோடு அளவுக்கு மிஞ்சிய மரியாதை. முதல் தரம், ரவுண்டபவுட்டில் எல்லோருக்கும் வழிவிட்டு வழிவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். இரண்டாந்தரம், ரோட்டைக் கடந்துகொண்டிருந்த புறா அது பாட்டில் நடந்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். மூன்றாந்தரமும் நாலாந்தரமும் கிளட்சில் வைத்த கால் நடுங்கிக் கார் நின்றுபோனது.

ஐந்தாவது டெஸ்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது, டிசம்பர் முதல் ஞாயிறு, எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நின்றேன். பக்கத்தில் என் சிநேகிதி. மன்னார்க்காரி, நேர்த்திக்கடன் வைப்பதில் பேர் போனவள். "சும்மா மெழுகுதிரியோட சரிவராது அக்கா. உங்களுக்கு உயிரான ஒண்டை விடவேணும். அப்பதான் பலிக்கும்," என்றாள்.

என்னிடம் உயிரானது எது என்று யோசிக்க ஒரு நொடிகூட எடுக்கவில்லை. "மாதாவே, என்ர பிள்ளை லைசன்ஸ் எடுக்கும் வரைக்கும் நான் கரண்ட் விரிப்பில சூடு காயமாட்டன்," என்று நேர்ந்தேன். பத்து நாள்தானே என்ற எண்ணம்.

பூசைக்குப் பிறகு எல்லோரும் தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் அன்றைக்கே பதினைந்து பேருக்காவது சொல்லியிருப்பேன். மகளிடம் மட்டும் சொல்லவில்லை. பாவம், ஏற்கெனவே பயந்துபோயிருக்கிற பிள்ளைக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

டெஸ்ட் அன்று காலையில் ரோடு முழுக்க ஐஸ். டெஸ்ட் நடக்காது என்று சொல்லிவிட்டார்கள். இனி எப்போது என்று மகள் போனில் தேடித் தேடிப் பார்த்தாள். "மார்ச் கடைசி, அம்மா," என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே கால் விறைத்தது.

நான் அப்படியே ஏற்றுக்கொள்கிற ஆள் இல்லை. அடுத்த ஞாயிறே சுவாமியாரைப் பிடித்தேன். எங்கள் தமிழ்ப் பூசை வைக்க வருகிற பாதிரியார், நல்ல மனிதர், பூசை உடுப்புக்குக் கீழே இரண்டு கம்பளிச் சட்டை போட்டிருந்தது கழுத்தில் தெரிந்தது.

"நேர்ந்ததை மாத்தேலுமோ சுவாமி?"

"மாத்தலாம் அம்மா. ஆனா அதேயளவு கஷ்டமானதா இருக்கவேணும்."

"அப்ப நான் சொக்லேற்றை விடுறன்."

"உங்களுக்குச் சொக்லேற் அவ்வளவு விருப்பமோ?"

கோயிலுக்குள் நின்று பொய் சொல்லப் பயம். "இல்லை சுவாமி, பல்லில ஒட்டும்," என்றேன். அது சரிவராது என்று அவர் தலையாட்டினார். போகத் திரும்பியவர் குரலைத் தாழ்த்தி, "உந்த விரிப்பு எங்க வாங்கினனீங்கள்?" என்று கேட்டார்.

ஆக, மார்ச் வரை குளிர்தான். நேர்ந்தது கரண்ட் விரிப்பை மட்டும்தான், வேறெதையும் நான் விடவில்லை என்று எனக்கு நானே வக்கீலாகிச் சூட்டைத் தேடி ஊரெல்லாம் அலையத் தொடங்கினேன்.

முதலில் அரிசி. இவருடைய பழைய சாக்ஸில் ஒரு சுண்டு சிவப்பரிசியைக் கொட்டி, வாயைக் கட்டி, மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்தால் ஒரு மணி நேரம் சூடு நிற்கும் என்று யாரோ சொன்னார்கள். நின்றது உண்மைதான். ஆனால் படுக்கை முழுக்கச் சோற்று வாசம். "இஞ்சேரும், ஆர் இப்ப சோறு வைக்கிறது?" என்று இவர் எழுந்து உட்கார்ந்தார். பிறகு பசிக்கிறதென்று கீழே போய் மீன்குழம்போடு ஒரு கோப்பை சோறு சாப்பிட்டுவிட்டு வந்தார். நாலாம் நாள் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அந்த அரிசியைப் பொறுக்க ஒரு வாரம் பிடித்தது.

அடுத்தது பஸ். கீழ்த்தட்டில் கடைசி வரிசைக்குப் பின்னால் எஞ்சின் இருக்கிறது, அந்தச் சீட்டில் சூடு ஏறும் என்று இவர்தான் சொன்னார். இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்த தொழில் இரகசியம். வேலை முடிந்து வரும்போது அந்தச் சீட்டில் உட்கார்ந்தேன். முதுகில் சூடு ஏறியது, கண் சொக்கியது, விழித்துப் பார்த்தால் நோர்பரி தாண்டிக் குரொய்டன். இறங்கித் திரும்பி வரவேண்டும் என்ற கவலையே எனக்கு வரவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸிலும் கடைசிச் சீட் இருக்கிறதுதானே.

எல்லாவற்றிலும் மேலானது பாண், எங்கள் ஊர் பிரெட். நாலு மணிக்குத் தமிழ்க் கடையில் ரோஸ் பாண் போறணை அடுப்பிலிருந்து சுடச்சுட இறங்கும். ஒன்றை வாங்கிக் கோட்டுக்குள்ளே நெஞ்சோடு அணைத்துப் பொத்தானைப் போட்டுவிட்டால், வீடு வரும்வரை எந்தக் காற்றும் என்னை ஒன்றும் செய்யாது. ஒருநாள் அப்படியே பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவி என் கோட்டுப் புடைப்பைப் பார்த்து எழுந்து இடம் தந்தாள். என்ன வயது என்று ஆசையாகக் கேட்டாள். நான் பாணைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "பத்து நிமிஷம்" என்றேன். அடுத்த தரிப்பு வரைக்கும் அவள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

உண்மையைச் சொன்னால், விரிப்பு இருந்த காலத்தில் இவை ஒன்றுமே என் கண்ணில் பட்டதில்லை. வேலையிடத்துப் பாத்திரம் கழுவும் மெஷினைத் திறந்தவுடன் முகத்தில் அடிக்கும் ஆவி, காலையில் ரேடியேட்டரில் காயவைத்துப் போடும் சாக்ஸ், பூசைக்கு உட்கார, சூட்டுக்குழாய் ஓடும் இடப்பக்க வாங்குப் பலகை. அந்த வாங்கைப் பிடிக்க நான் அரைமணி முந்திப் போனேன். என் பக்தி கூடிவிட்டதென்று ஊர் பேசிக்கொண்டது. நானும் மறுக்கவில்லை.

ஆனால் படுக்கை படுக்கைதான். எட்டு மணிக்கு அந்த ஐஸ் விரிப்பில் காலை வைக்கும்போது ஒவ்வொரு நாளும் எனக்கு அழுகை வரும். காலை இவர் பக்கம் மெல்ல நகர்த்தினால், "இஞ்சேரும், மீன் பெட்டியில வைச்ச காலை என்னில வைக்காதையும்," என்று தட்டிவிடுவார்.

மார்ச் வந்தது. குளிர் போகவில்லை. டெஸ்டுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து அந்த மன்னார்க்காரி என் மகளின் கன்னத்தைப் பிடித்து, "உனக்காண்டித்தான் பிள்ளை, கொம்மா இந்தக் குளிருக்குள்ள கரண்ட் விரிப்பும் இல்லாமக் கிடக்கிறா. இந்த முறை பாஸ் பண்ணாட்டிப் பார்," என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தது நான், அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மகளின் முகம் வெளிறிப்போனது. அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

டெஸ்டுக்கு முதல் நாள் பின்னேரம் ஓட்டிப் பழகப் போன தகப்பனும் மகளும் அரைமணியில் திரும்பிவிட்டார்கள். "எட்டுத் தரம் காரை நிப்பாட்டிப்போட்டாள். அவளின்ர கால் நிக்குதில்லை," என்று இவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

நான் படுக்கப் போகும் நேரம் மகள் எங்கள் அறைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அம்மா, கிளட்சில கால் வைச்சா நீங்கள் நடுங்கிறது ஞாபகம் வருது. என்ர காலும் நடுங்குது. பிளீஸ், இண்டைக்கு அந்த விரிப்பைப் போடுங்கோ."

"நேர்ந்திட்டன் பிள்ளை. இன்னும் ஒரு நாள்தானே."

"நாளைக்குப் பெயிலானா ஒரு நாள் இல்லை அம்மா. ஐ கான்ட் டூ இட். நீங்கள் சூடாப் படுத்திருக்கிறீங்கள் எண்டு தெரிஞ்சாத்தான் எனக்கு ஏலும். மாதா ஒண்டும் சொல்லமாட்டா. அவவும் அம்மாதானே, மாமி இல்லையே."

அவளே சுவிட்சைத் தேடி எடுத்து மூன்றில் வைத்தாள். சின்னச் சிவப்பு லைட் எரிந்தது. என்னைப் படுக்கவைத்துக் கழுத்துவரை போர்த்துவிட்டாள். சூடு ஏறும்வரை கட்டிலில் உட்கார்ந்திருந்து, என் காலைத் தொட்டுப் பார்த்து, நெற்றியில் ஒரு முத்தம் தந்துவிட்டுப் போனாள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தச் சூடு. முதலில் இடுப்பு, பிறகு முழங்கால், பிறகு பாதம். எலும்பெல்லாம் இளகி எங்கேயோ போவதுபோல இருந்தது. அவளுடைய அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் கையை நீட்டிச் சுவிட்சை நிறுத்தினேன்.

மகள் கேட்டதைச் செய்யாமலும் விட ஏலாது, மாதாவுக்குச் சொன்னதை மீறவும் ஏலாது. அவள் சூட்டை நினைத்துக்கொண்டு தூங்கட்டும், நான் குளிரில் கிடந்து நேர்த்தியைக் காப்பாற்றுகிறேன் என்று முடிவெடுத்தேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மாதாவிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். விரிப்பு ஆற ஆற எனக்கு வந்த துக்கத்தை எழுத முடியாது. பக்கத்தில் இவர் ஒரு கண்ணைத் திறந்து, அணைந்த லைட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "காலை இஞ்சால தாரும்," என்று சொல்லி, என் இரண்டு காலையும் தன் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் பாத்திரம் கழுவும் மெஷினுக்கு முன்னால் நிற்கும்போது போன் வந்தது. "அம்மா, பாஸ்," என்றாள். என் கையிலிருந்த தட்டு விழுந்து உடைந்தது. அழுதேன். சமையலறையில் இருந்த எல்லோரும் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து என்னைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அவள் என்னைக் கட்டிப்பிடித்துச் சொன்னாள்: "காருக்குள்ள ஏறி இருந்திட்டு, அம்மா இரவு முழுக்கச் சூடாப் படுத்தவ எண்டு நினைச்சன். கால் நடுங்கவே இல்லை."

நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிவிட்டேன். இனி ஒவ்வொரு காலையும் அவள் தனியாகக் காரில் ஏறவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி நேரத்தில் அவளே எல்லோருக்கும் கதை சொன்னாள். அம்மா தனக்காக நேர்த்தியை உடைத்தாராம், அதனால்தான் தான் பாஸ் என்று. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மன்னார்க்காரி என் கையைப் பிடித்து, "மூண்டு மாதம் பொறுத்தனீங்கள், அக்கா. கடைசி ஒரு நாள் பொறுக்கேலாமப் போச்சே," என்றாள்.

உண்மை என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் செய்த ஆகப்பெரிய தியாகம், கேட்பதற்கு இருபது பேர், கையில் சுடச்சுடத் தேத்தண்ணி. எதிரே மகள் கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றாள்.

"ஓம்," என்றேன். "குளிர் தாங்கேலாமப் போச்சு."

அன்றிலிருந்து எங்கள் கோயில் பங்கில் எனக்கு நேர்த்தியை உடைத்தவள் என்று பெயர். இன்றுவரை யாரிடமும் நான் மூச்சு விடவில்லை. நான் இப்படி ஒன்றைச் சொல்லாமல் இருப்பது இதுவே முதல் தரம். வயிறு வெடித்துவிடும்போல இருக்கிறது. என் மகள் தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் வாசிக்க வராது. அதனால்தான் இங்கே எழுதிவிட்டேன்.