சாக்குச் சுற்றிய குழாய்

என் புருஷன் ஜஸ்டஸுக்குக் கோபம் வந்தால் முதலில் கை பேசும், பிறகுதான் வாய். ஊட்டி காந்தலில் அவரைத் தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும். கல்யாணமான புதிதில் காபி ஆறிவிட்டதென்று டம்ளரைச் சுவரில் அடித்தார். நான் என்ன இளைத்தவளா? குழம்புச் சட்டியைத் தூக்கி அவர் காலடியில் போட்டு உடைத்தேன். அதற்குப் பிறகு என்மேல் கை ஓங்கியதில்லை. அந்தக் கை தம்பிமேல் போய் விழுந்தது.

தம்பி ஷிஜோ பைக்காராவில் படகு ஓட்டுகிறவன். மாமனார் விட்டுப்போன வீட்டை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கி, ஒரு பக்கம் நாங்களும் மறுபக்கம் அவனும் அவன் மனைவி அலீனாவும் இருந்தோம். தண்ணீர் மீட்டர் மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். சண்டைக்கு வேறென்ன வேண்டும்?

போன டிசம்பரில் தண்ணீர் பில் எகிறியது. ஜஸ்டஸ் எங்கள் குழாய்களுக்கெல்லாம் வாஷர் மாற்றினார். ஃப்ளஷ் டேங்கில் தேயிலை டிக்காஷனை ஊற்றிவிட்டுக் கழிப்பறைக் கோப்பையையே முறைத்துக்கொண்டு நின்றார். டேங்க் ஒழுகினால் கோப்பையில் சாயம் இறங்குமாம். இறங்கவில்லை. இரண்டு வீட்டிலும் எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லிவிட்டு மீட்டரைப் பார்த்தார். அப்போதும் முள் சுற்றியது.

எங்கேயோ கசிகிறது என்று புத்தியுள்ளவன் நினைப்பான். இவரோ தம்பி வீட்டு வாசலில் போய்க் கத்தினார்.

“டேய், செவுத்துக்குள்ள திருட்டுக் குழாய் வெச்சிருக்கியாடா?”

“வந்து பாத்துக்கங்கண்ணா. என்னத்த ஒளிச்சு வெச்சிருக்கறேன்?” என்றான் ஷிஜோ.

பார்க்கப் போனவர் கையில் கடப்பாரை இருந்தது. அலீனாவின் குளியலறைச் சுவரை இடிக்க ஆரம்பித்தார். டைல்ஸ் தெறித்தது, கண்ணாடி நொறுங்கியது. ஷிஜோ கடப்பாரையைப் பிடுங்கி வெளியே எறிந்தான். இவர் இடுப்பில் செருகியிருந்த பைப் ஸ்பேனரை உருவி அவன் வலது மணிக்கட்டில் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் பலகைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

ஓடினேன். வெள்ளை டைல்ஸ் முழுக்க ரத்தம். சுவருக்குள் செங்கல்லும் மண்ணும்தான் இருந்தன.

“அட பாவி மனுசா! கூடப் பொறந்தவனுங்க அவன்!” என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டை கிழிந்து கையோடு வந்தது.

ஆஸ்பத்திரியில் படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான் ஷிஜோ. அண்ணனைப் போலீஸில் விட அவனுக்கு மனசு வரவில்லை. அலீனாவுக்கு வந்தது, அவன்தான் தடுத்தான். கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்புகிற கை அது. கை போனால் வேலையும் போகும். அவள் தங்கள் பக்கத்து வால்வை இறுக்க மூடிவிட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு லவ்டேலில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள்.

“அக்கா, இந்தக் கைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்கூட்டுக்காரர நான் சும்மா உட மாட்டேன்” என்றாள் என்னிடம்.

அடுத்த பில் வந்தது. அவர்கள் வீடு பூட்டிக் கிடந்தும் முன்னைவிட அதிகம்.

“ஏனுங்க, இப்ப யாரு திருடறாங்க? பல்லிங்களா?” என்று கேட்டேன்.

எங்கள் ஊரில் உறைபனிக்கு முன்னால், மீட்டரிலிருந்து வரும் வெளிக்குழாய்க்குச் சாக்குச் சுற்றிக் கம்பியால் கட்டுவோம். இல்லாவிட்டால் தண்ணீர் உறைந்து பைப் வெடித்துவிடும். பனி போனதும் அவிழ்ப்போம். வருஷா வருஷம் அது ஜஸ்டஸின் வேலை, வேறு யாரும் தொடக் கூடாது. போன நவம்பரிலும் அவர்தான் கட்டினார். சாக்கு ஈரமாகத்தான் கிடந்தது. பனிக்காலத்தில் இங்கே எதுதான் ஈரமில்லை? ஒருத்தரும் சந்தேகப்படவில்லை.

பிப்ரவரி கடைசியில் கம்பியை வெட்டிச் சாக்கை உருவினார். தண்ணீர் பீய்ச்சி அவர் முகத்தில் அடித்தது. கோழிக் கழுத்தைத் திருகுகிற மாதிரி அவர் முறுக்கிய கம்பி பிளாஸ்டிக் பைப்பையே அறுத்திருந்தது. தண்ணீர் சாக்குக்குள்ளேயே இறங்கி, பின்பக்கத் தடுப்புச்சுவர் இடுக்கு வழியாகச் சாக்கடைக்குப் போயிருக்கிறது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

அன்றைக்கே லவ்டேல் போனோம். ஸ்பேனரையும் எடுத்து வந்தார். ஷிஜோவின் மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள். அவன் முன்னால் ஸ்பேனரை வைத்துவிட்டு, வாசல் திட்டில் தன் வலது கையை நீட்டினார்.

“நான் கட்டுன கம்பிதாண்டா பைப்ப அறுத்துருக்குது. உம்மேல ஒரு தப்பும் இல்ல. நீயும் அடி.”

ஷிஜோ குனிந்து வலது கையால் ஸ்பேனரை எடுத்தான். விரல்கள் மடங்கவில்லை. கீழே விழுந்தது. மறுபடி எடுத்தான். மறுபடியும் விழுந்தது. அண்ணன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான்.

ஜஸ்டஸ் வாய்விட்டு அழுதார். நீட்டிய கையை மட்டும் எடுக்கவில்லை.

அலீனா வந்தாள். ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கினாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எட்டித் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.