காப்பார் துண்டுக்காரன்

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் மாலை கட்டும் கடைகளைத் தாண்டி மாடியேறினால் டோரிஸின் தையல்கடை. "சுமாரா தைச்சா போதும்" என்று யாராவது வாய்தவறிச் சொன்னால், துணியை மடித்துக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவாள். வயது ஐம்பத்தெட்டு. கல்யாணப் பெண்ணின் மாமியாரே வந்து நின்றாலும், அளவு விஷயத்தில் டோரிஸ் வைத்ததுதான் சட்டம். கணவர் கிரிகரி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடும்பத்துப் பிள்ளை. ஓய்வு பெற்றபின் கடையில் பொத்தான் தைக்க உட்காருவார். அவருக்கும் சலுகை கிடையாது.

அப்படிப்பட்ட டோரிஸ் நாற்பது வருஷமாக ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சிவநேசன் கடைக்கு வந்தான். தமிழ்ப்பள்ளி வாத்தியார். ஓய்வு நேரத்தில் சித்திரக் கதைப் புத்தகம் போடுகிறவன். அவனுடைய நாயகன் காப்பார் துண்டுக்காரன். ஏழைக்கு இரங்கி, தோட்டத்துத் துரைமாரை ஓட ஓட விரட்டும் முகமூடி வீரன். அந்தக் கதையைப் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் நாடகமாகப் போடப்போகிறார்கள், உடை தைக்கவேண்டும் என்றான்.

காப்பார் ஊர்ப் பக்கத்தில் துண்டுக்காரனைத் தெரியாத ஆள் இல்லை. ஆறடி உயரம், சிவப்பு மோட்டார் சைக்கிள், முகத்தில் கறுப்புத் துண்டு. நாற்பது வருஷத்தில் சனங்கள் அவனுக்குக் கண், காது, மூக்கு வைத்து என்னென்னவோ ஆக்கிவிட்டார்கள். ஒரே தாண்டில் கால்வாயைக் கடப்பானாம். போலீஸ் துரத்தியபோது முதலையின் முதுகில் நின்று ஆற்றைக் கடந்தானாம். முதலையை யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

சிவநேசன் படத்தை மேசையில் விரித்தான். கணுக்கால்வரை தொங்கும் கறுப்புப் போர்வை, கண்களைச் சுற்றி மட்டும் ஒரு பட்டை. டோரிஸ் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"இத மாட்டிக்கிட்டு செம்பனைத் தோட்டத்துக்குள்ள ஓடினா முள்ளுல சிக்கிக்குவான்லா. மோட்டர் சக்கரத்துல வேற சுத்தும். முகமூடியும் தப்பு தம்பி. கண்ண மட்டும் மறைச்சு வாயத் தொறந்து வச்சா மருந்தெல்லாம் உள்ள போயிடும்."

"என்ன மருந்து ஆன்டி?"

டோரிஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கிற காலத்துப் பேச்சு, பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. நல்லவேளை, அவன் அதைத் துருவவில்லை. அவன் மனம் வேறு சந்தோஷத்தில் இருந்தது. நாடகம் முடிந்ததும் மேடையில் ஒரு படத்தைப் பெரிதாகக் காட்டி, உண்மையான துண்டுக்காரன் யார் என்று ஊருக்கு அறிவிக்கப்போகிறானாம்.

"எங்கப்பாதான் ஆன்டி அது. அய்யாவு. தோட்டத்துல லோரி ஓட்டினவரு. ஆறு வருஷமாச்சு, தவறிட்டாரு."

டோரிஸ் அளவுநாடாவைச் சுருட்டினாள். முன்பணம்கூடக் கேட்காமல் வெள்ளிக்கிழமை வரச்சொல்லி அனுப்பினாள்.

துண்டுக்காரன் என்று ஒருவன் இருந்ததே இல்லை. அது டோரிஸுக்குத் தெரியும், ஏனென்றால் அது அவள்தான்.

அப்போது பதினெட்டு வயது. மருந்தடிக்கிற கும்பலில் ஒன்பது பெண்கள். முதுகில் மருந்துத் தொட்டி, கை நீளச் சட்டை, நெடி ஏறாமல் இருக்க மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டிய துண்டு. கண் மட்டும்தான் வெளியே தெரியும். பெற்ற தாய் எதிரே வந்தாலும் யார் யாரென்று சொல்லமுடியாது. அந்த வருஷம் தோட்டத்தை விற்க ஏற்பாடாகியிருந்தது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் தாமாகவே கிளம்பட்டும் என்று நிர்வாகம் தண்ணீர்க் குழாயை மூடி, குழாய்க் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டது. பிள்ளைகள் கால்வாய்த் தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் சுருண்டன. மூன்றாம் நாள், பட்டப்பகலில், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சாப்பிடப்போன நேரத்தில், டோரிஸ் ஒரு கடப்பாறையை எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டை உடைத்துக் குழாயைத் திறந்துவிட்டாள். மறுநாள் புதுப் பூட்டு போட்டார்கள். அதையும் உடைத்தாள். மூன்றாவது பூட்டு கொஞ்சம் பெரிது. உடைக்க அரைமணி நேரமானது. அவளுக்கு இன்றைக்கும் அந்தப் பூட்டை நினைத்தால் பெருமைதான்.

அந்த மூன்றாவது பூட்டை உடைத்தபோது காவலாளி தூரத்திலிருந்து முகம் மூடிய ஓர் உருவத்தைப் பார்த்துவிட்டான். போலீஸ் வந்து ஒன்பது பெண்களையும் வரிசையில் நிறுத்தியது. கும்பலில் மூத்தவள் சந்தனமேரி டோரிஸின் கையைப் பின்னாலிருந்து அழுத்திவிட்டு முன்னே வந்தாள். வந்தது ஆண்பிள்ளை என்றாள். பொய் நம்பும்படி இருக்கவேண்டுமே என்று ஆறடி உயரம் என்றாள். அதுவும் போதாது என்று தோன்றியிருக்கவேண்டும், சிவப்பு மோட்டாரில் வந்தான் என்றும் சேர்த்தாள். மற்ற எட்டுத் தலைகளும் ஆடின. சந்தனமேரி தன் வாழ்நாளில் பார்த்த சிவப்பு மோட்டார் ஒன்றே ஒன்றுதான். அது அய்யாவுவுடையது. சொல்லி முடித்தபிறகுதான் அவளுக்கே அது உறைத்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். போலீஸ் அய்யாவுவைப் பிடித்துப்போய், சாட்சி போதாமல் விட்டுவிட்டது. நிர்வாகம் விடவில்லை. ஒரே வாரத்தில் அய்யாவுவுக்கு வேலை போயிற்று. மனைவியையும் நாலு வயது மகனையும் லோரியில் ஏற்றிக்கொண்டு அவர் தோட்டத்தைவிட்டுப் போனதை டோரிஸ் பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர்க் குழாயை மட்டும் அப்புறம் யாரும் மூடவில்லை.

அந்த ஞாயிறே மாதாகோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டாள். சாமியார் பத்து முறை அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னாள். அதனால் அய்யாவுவுக்கு எந்தப் பிரயோசனமும் இல்லை என்பது அப்போதே அவளுக்குத் தெரியும்.

இப்போது மகன் வந்து அப்பாவின் பெருமைக்கு உடை தைக்கச் சொல்கிறான். உண்மையைச் சொன்னால் அவனுடைய வீரன் போய்விடுவான். அந்தக் குடும்பத்திடமிருந்து வேலையையும் வீட்டையும் பிடுங்கியது போதாதென்று இதையும் பிடுங்குவதா? சொல்லாவிட்டால், ஊர் முன்னால் ஒரு பொய்யை மேடையேற்ற அவளே நூல் கோக்கிறாள். ஆறின புண்ணை ஏன் கிளறுகிறாய் என்றார் கிரிகரி. ஆறியது யாருடைய புண் என்று டோரிஸ் திருப்பிக் கேட்டாள். அவர் பொத்தானைத் தைக்கப் போய்விட்டார். மூன்று நாள் யோசித்தாள், நாலாம் நாள் யோசனையை நிறுத்தினாள். கோணலாக வெட்டிய துணியை இஸ்திரி போட்டு நேராக்க முடியாது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்கிறவள் அவள்தானே.

வெள்ளிக்கிழமை சிவநேசன் வந்ததும் உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஒன்பது பெண்கள், மூன்று பூட்டு, சந்தனமேரி, சிவப்பு மோட்டார் என்று ஒன்றையும் விடவில்லை. தன் பயத்தையும் சொன்னாள். "எனக்கு வாய் இருந்துச்சு தம்பி. அன்னைக்குத் தொறக்கல. அது என் தப்புதான்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் மேசைமேல் கிடந்த ஊசிகளைப் பொறுக்கி ஒன்றாகச் சேர்த்தான்.

"அப்பா கடைசிவரைக்கும் நான் இல்ல, நான் இல்லன்னுதான் சொன்னாரு ஆன்டி. நாங்க யாருமே நம்பல."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். ஒட்டுக்கடையில் பழைய தோட்டத்துச் சனங்கள் சிலர் அய்யாவுவுக்குத் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்துக் கதை கேட்பார்களாம். அவர் குவளையைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாராம். என்ன தன்னடக்கம் என்று அதையும் மெச்சினார்களாம். வீட்டிலும் அதே கதை. பெற்ற மகனிடமே மறைக்கிறாரே என்று இவனுக்குக் கோபம். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டபோது, அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாராம்.

சிவநேசன் எழுந்தான். "அம்மாகிட்ட வந்து சொல்லணும் ஆன்டி. இப்பவே."

டோரிஸ் கடைச் சாவியைக் கிரிகரியிடம் வீசிவிட்டு அவன் காரில் ஏறினாள். கார் காப்பார் போய்ச் சேர்ந்தது.

அமுதவள்ளி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அறுபத்தைந்து வயதிலும் கண் கூர்மை. யாரென்று மகன் சொல்லுமுன்பே, மேட்டு லயத்து மரியதாஸ் மகள்தானே என்று கேட்டுவிட்டாள். உள்ளே போய் உட்காருவதற்குக்கூட டோரிஸ் பொறுக்கவில்லை.

"அக்கா, அந்தப் பூட்ட ஒடச்சது அய்யாவு அண்ணன் இல்ல. நான்தான். அவரு அன்னைக்கு அந்தப் பக்கமே வரல."

அமுதவள்ளி கையிலிருந்த ஈரச் சட்டையைப் பிழிந்தபடியே இருந்தாள். அதில் தண்ணீர் நின்று வெகுநேரமாகியும் பிழிவதை விடவில்லை. "நல்லாத் தெரியுமா?" என்று ஒருமுறைதான் கேட்டாள். டோரிஸ் தலையசைத்தாள்.

"அப்ப அவரு நெசமாவே கிள்ளானுக்குப் பல்லு புடுங்கத்தான் போயிருக்காரு" என்றாள் அமுதவள்ளி. "அன்னைக்கும் அதத்தான் சொன்னாரு. சாவுற வரைக்கும் அதத்தான் சொன்னாரு. எந்தப் பல்லு, காட்டுங்கன்னு நான் சிரிப்பேன். அவரும் கோவத்துல வாயத் தொறந்து காட்டுவாரு. நான் ஒரு நாளும் எட்டிப் பாக்கல."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. சிவநேசன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். டோரிஸும் அழுதாள், ஆனால் தலை குனியவில்லை. நாற்பது வருஷத்தில் முதல்முறையாக அந்தக் குடும்பத்தின் முகத்தை நேராகப் பார்க்க அவளால் முடிந்தது.

அமுதவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஈரக் கையோடு கூடத்துக்குள் போனாள். சுவரில் அய்யாவுவின் படம் இருந்தது. மற்ற இருவரையும் மறந்தவளாக, அதன் எதிரே போய் நின்றாள்.

"எந்தப் பக்கத்துப் பல்லுங்க?" என்று கேட்டாள்.