மழையில் அச்சடித்த சட்டைகள்

கறாரக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. திட்டுவதற்காக வைத்தான், தெருவே எடுத்துக்கொண்டது. அவளும் மறுக்கவில்லை. "ஆமா, கறார்தான். நீ குழைஞ்சு குழைஞ்சு என்னத்தக் கிழிச்சே?" என்று கேட்பாள். அடுத்த கடையில் தையல் போடுகிறவன் நான். நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர் என்பதால், அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளும் வசவு ஒன்றுகூட என் காதுக்குத் தப்பாது.

அது அவர்களுடைய அப்பா விட்டுப்போன கடை. டி-ஷர்ட்டில் கேட்டதை அச்சடித்துக் கொடுப்பார்கள். தம்பி முன்னால் உட்கார்ந்து ஆர்டர் எடுப்பான். அவள் பின்னால் நின்று ஸ்கிரீன் சட்டத்தில் மை இழுத்து அச்சடிப்பாள். 'முடியாது' என்ற சொல் தம்பியின் வாயில் வராது. "ஆகட்டும் சார், முடிச்சுடலாம் சார்" என்று வந்தவருக்கெல்லாம் தலையாட்டுவான். பள்ளிக்கூடங்களின் விளையாட்டு விழாக் காலம் வந்துவிட்டால் எல்லாப் பள்ளிக்கும் ஒரே வாரத்தில் சட்டை வேண்டும். அப்போது கடை போர்க்களம். மழை மாதங்களிலோ மையும் காயாது, ஆளும் வராது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டே சண்டை போடுவார்கள்.

ஒரு வருஷம் ஒரு பள்ளியின் சிவப்பு அணிச் சட்டைகள் விழா முடிந்த மறுநாள்தான் தயாராயின. விளையாட்டு வாத்தியார் கடைக்குள் புகுந்து மூட்டையைத் தூக்கி அவள் மேலேயே எறிந்தார்.

"பிள்ளைங்க நேத்து சட்டை இல்லாம நின்னுச்சுங்க. இதை நீயே போட்டுக்கிட்டு ஓடு!"

காயாத வெள்ளை மை அவள் கன்னத்தில் அப்பிக்கொண்டது. ஆர்டர் எடுத்த தம்பி, வாத்தியார் தெருமுனையில் திரும்பும்போதே பின்வாசல் வழியாக டீக்கடைக்குக் கழன்றிருந்தான். திரும்பி வந்து, "அந்த ஆளு கத்தினா கத்திட்டுப் போறான், உனக்கென்ன உடம்பா தேஞ்சுபோச்சு?" என்றான். அவள் கன்னத்தைத் துணியால் துடைத்தாள். தோல் சிவக்கும்வரை துடைத்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் அவள் ஈ ஓட்டவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு பள்ளிபள்ளியாக ஏறி இறங்கினாள். விழா என்றைக்கு, எத்தனை அணி, என்னென்ன நிறம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். எந்தப் பள்ளியிலும் நிறம் மாறுவதில்லை, சின்னம் மாறுவதில்லை, வருஷமும் பிள்ளைகளின் பெயரும்தான் மாறுகின்றன என்பது அவளுக்குப் பிடிபட்டது. அப்படியானால் சின்னத்தை மழையிலேயே அச்சடித்துச் சூடு காட்டிக் காயவைத்து அடுக்கிவிடலாம். பெயரையும் வருஷத்தையும் கடைசியில், சூட்டோடு அழுத்தும் ஹீட் பிரஸ்ஸில் ஒட்டிக்கொள்ளலாம். வெறும் சட்டையும் அந்த மாதங்களில்தான் மலிவு. விழா முடிந்ததும் படிப்பு முடிக்கும் வகுப்புகளின் பிரிவு உபசாரச் சட்டை, விடுமுறையில் பயிற்சி முகாம், குளிர் வந்தால் ஓட்டப் பந்தயங்கள். எதற்கு எப்போது கை வைக்க வேண்டும் என்று வருஷம் முழுவதையும் மனதுக்குள் பிரித்துப் போட்டாள். சட்டைக் கழுத்தில் அளவுச் சீட்டு தைக்கும் வேலையை எனக்குக் கொடுத்ததால் மழை மாதத்தில் என் தையல் மெஷினும் ஓடியது.

தம்பிக்குச் சிரிப்பு தாளவில்லை. "மழை பெஞ்சா ஊரு குடை விக்கும். எங்கக்கா பனியன் அடிக்கிறா."

"நீ சிரி. சீசன்ல அழுவே, அப்ப நான் சிரிக்கிறேன்."

"இது கடையா, கோடவுனா? காலை நீட்ட எடமில்ல!"

"வேலை செய்றவன் எவனும் காலை நீட்ட மாட்டான்."

மூட்டைகள் உத்தரம்வரை ஏறின. வெறும் சட்டை வாங்க அவள் பக்கத்து ஊர் ஆலைக்கு இரண்டு நாள் போயிருந்தபோது, திடீரென்று அறிவித்த இடைத்தேர்தலுக்காகக் கட்சிக்காரர் ஒருவர் வந்தார். மறுநாள் ஊர்வலத்துக்கு மஞ்சள் சட்டை கேட்டார். "ஆகட்டும் சார்" என்றான் தம்பி. வெறும் மஞ்சள் சட்டை போதவில்லை. அக்கா அடுக்கியிருந்த மூட்டையைப் பிரித்தான். நெஞ்சில் பள்ளிச் சின்னம் இருந்தால் என்ன, முதுகு காலிதானே என்று கட்சிச் சின்னத்தை முதுகில் அடித்துக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் ஊர்வலம் எங்கள் தெரு வழியாகவே போனது. மீசை வைத்த ஆட்கள், சிறுவர் அளவுச் சட்டை தொப்புளுக்கு மேலே ஏறி நிற்க, நெஞ்சில் 'அறிவே ஆற்றல்' என்ற பள்ளி வாசகத்தோடு கோஷம் போட்டுக்கொண்டு போனார்கள். தெரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பஸ்ஸை விட்டு இறங்கி வந்த கறாரக்கா அதைப் பார்த்து நடைபாதையிலேயே நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்து நான் சிரிப்பை விழுங்கினேன்.

அந்தப் பள்ளியின் முதல்வர் அம்மா சாயங்காலமே வந்தார். "எங்க பள்ளிக்கூடம் எந்தக் கட்சின்னு பெத்தவங்க கேக்கறாங்க. உங்க குடும்பத்து மூஞ்சியிலயே இனி முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் சுவருக்கு அந்தப் பக்கம் வெடித்தது.

"ஏன்டா செஞ்சே?"

"வந்த லட்சுமிய வேணாம்பாங்களா? சரக்கு தூங்குது, வித்தேன்."

"சரக்கு தூங்கல. நான் தூங்கவச்சிருந்தேன்."

"பெரிய திட்டக்காரி! அப்பா இப்படியா தொழில் பண்ணாரு?"

"அப்பா பண்ணதாலதான் கடனோட போய்ச் சேந்தாரு. பிரிச்சுக் குடுடா என் பங்க."

மறு வாரம் கடையின் நடுவே தகரம் அடித்தார்கள். முன்பாதியும் பெயர்ப்பலகையும் மின்சார மீட்டரும் தம்பிக்கு. பின்பாதியும் குழாயும் சந்துப்பக்கக் கதவும் அவளுக்கு. ஹீட் பிரஸ் சூடாகும் நேரம் பார்த்து அவன் ஃபியூஸைப் பிடுங்குவான். அவள் குழாய்ப் பக்கம் அவனை அண்டவிடமாட்டாள். மை பிடித்த ஸ்கிரீன்களை அவன் தெருவில் வாளி வைத்துக் கழுவி, நடந்துபோகிறவர்களின் செருப்பையெல்லாம் நீலமாக்கித் திட்டு வாங்கினான். தகரத்தை இந்தப் பக்கம் அவள் தட்டினால் அந்தப் பக்கம் அவன் உதைப்பான். எனக்குத் தலைவலி மாத்திரைதான் மிச்சம்.

லாரி ஓட்டும் அவள் புருஷன் மாதத்துக்கு இருமுறை வீட்டுக்கு வருகிறவர். கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு, "தோத்தா ரெண்டு பேரும் லாரியிலயே குடியிருப்போம்" என்றார். அவள் தனி மீட்டர் வாங்கினாள். ஊர்வலத்துக்குப் போன சட்டைகளுக்குப் பதிலாகப் புதிதாக அடித்தாள். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு முதல்வர் அம்மாவின் வாசலில் போய் உட்கார்ந்தாள்.

"உங்க மூஞ்சியப் பாக்க மாட்டேன்னு சொன்னேனே?"

"மூஞ்சியப் பாக்க வேணாம். சட்டையப் பாருங்க. தேதி தவறினா காசு வேணாம்."

முதல்வர் அம்மா தையலைத் திருப்பிப் பார்த்தார், அச்சை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "சொன்ன நாளைக்கு வரல, போலீஸ்ல சொல்வேன்" என்றார். அதுதான் அவர் கொடுத்த ஆர்டர்.

சீசன் வந்தது. அவள் சந்துக்கதவு வழியாக மூட்டைகள் ஒவ்வொன்றாகச் சொன்ன நாளில் வெளியேறின. மூட்டையை எறிந்த அந்த விளையாட்டு வாத்தியாரும் வந்தார். உட்காரச் சொல்லவில்லை அவள். "நாலு நிறமும் இருக்கு. பேரு குடுத்துட்டுப் போங்க. நாளன்னிக்கு வாங்க. எறியறதா இருந்தா வேற கடை பாருங்க." வாத்தியார் நின்றபடியே பெயர்களைச் சொல்லிவிட்டுப் போனார்.

தகரத்துக்கு அந்தப் பக்கம் தம்பி எல்லோருக்கும் விலையைக் குறைத்துத் தலையாட்டியிருந்தான். கடைசியில் சிவப்புச் சட்டை எந்த ஆலையிலும் இல்லை. ஒரு மத்தியானம் தகரத்தில் மெல்லத் தட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா. சிவப்பு இருக்கா?"

"இருக்கு."

"குடேன். என்ன விலைன்னாலும்."

"இருக்குன்னுதான் சொன்னேன். குடுக்கறேன்னு சொல்லல."

"பிள்ளைங்க சட்டை இல்லாம நிக்கும்."

"நிக்காது. அந்தப் பள்ளிக்கூடத்த என் கதவுக்கு அனுப்பு."

பதிலுக்குத் தகரத்தில் ஓர் உதை. அந்தப் பள்ளி தானாகவே சந்து வழியாகச் சுற்றி அவளிடம் வந்தது. அதன் பின்னாலேயே இன்னும் இரண்டு வந்தன. விடுமுறை வருவதற்குள் தம்பி முன்பாதியை அவளுக்கே விட்டுக்கொடுத்து, தேர்தலில் பழகிய கட்சிக்காரரிடம் கொடி, பேனர் பிடிக்கிற வேலைக்குச் சேர்ந்தான். சாவியை நேரில் கொடுக்காமல் என் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனான்.

நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு டப்பா திறந்தபடி தொடாமல் இருந்தது.

"ஜெயிச்சுட்டீங்க அக்கா. சந்தோஷமா?"

"சந்தோஷம்தான். ஆனா சோறு இறங்கல."

"கூப்பிட்டுப் பேசலாமே. ஒரே ரத்தம்தானே?"

"அந்த ரத்தம்தான்யா என் சட்டைய ஊர்வலம் விட்டுச்சு" என்றாள். டப்பாவை மூடினாள். "நாளைக்கு இறங்கிடும். நீ மழைக்கு முன்னாடி அளவுச் சீட்டைத் தச்சு முடிப்பியா, மாட்டியா? அதச் சொல்லு."

மூன்று வருஷமாகிறது. தம்பி இந்தத் தெரு வழியாகப் போவதில்லை. ஒருமுறை பஸ்ஸில் எதிரெதிர் இருக்கையில் மாட்டிக்கொண்டார்களாம். அவன் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டானாம். "ஒரு நிறுத்தம் வரைக்கும் ஒண்ணா வந்தோம், அதுதான் மிச்சம்" என்றாள் என்னிடம். அதைச் சொல்லும்போதும் அவள் சிரிக்கவில்லை.